கார்போகரிசியும் முகச்சுருக்கமும்

முகச்சுருக்கத்துக்குச் செடிகொடிகளில் மாற்று உண்டா என்று கேட்டால், ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசக்கூடிய விதை ஒன்று இருக்கிறது. கார்போகரிசி.

சென்னை கே.கே. நகரின் நாட்டுமருந்துக் கடைகளில் கேட்டால் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். நலங்கு மாவு அரைக்க எழுதும் சீட்டில் பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சளோடு இதுவும் ஒரு வரியாக இருக்கும். கொஞ்சம் தள்ளி இருக்கும் இங்கிலீஷ் மருந்துக் கடையிலோ, சொட்டுக்குழாய் வைத்த சின்ன பாட்டிலில் 'பகுச்சியால் சீரம்' என்று விற்கிறார்கள். அதுவும் இதே விதையிலிருந்து வந்ததுதான்.

ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. பாட்டிலில் இருப்பது சுருக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும். பொட்டலத்தில் இருப்பது வெயிலோடு சேர்ந்தால் முகத்தைக் கொப்புளிக்க வைக்கும்.

சுருக்கம் எப்படி விழுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

தோலின் அடியடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு புரத இழைகள் உண்டு. கொலாஜன் தோலுக்கு உறுதி தருகிறது. எலாஸ்டின் இழுத்து விட்டால் பழையபடி திரும்ப வைக்கிறது. வயது ஏற ஏற இவற்றின் உற்பத்தி குறையும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அந்தக் குறைவு வேகமெடுக்கும். இதோடு வெயில் சேர்கிறது. வெயிலில் உள்ள யுவிஏ கதிர் தோலுக்குள் ஆழமாக இறங்கி, கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. சிகரெட்டும் அதே வேலையைச் செய்கிறது.

சுருக்கங்கள் எல்லாம் ஒரே ரகமும் அல்ல. சிரிக்கும்போதும் புருவத்தை நெரிக்கும்போதும் விழுபவை அசைவுக் கோடுகள். தசை சுருங்குவதால் வருபவை. முகம் சும்மா இருக்கும்போதும் தெரிபவை நிலைத்த கோடுகள். கொலாஜன் குறைந்ததால் வருபவை. மூன்றாவதாக, தோல் வறண்டு போனதால் மட்டும் தெரியும் மெல்லிய வரிகள். எந்தச் செடி எதற்கு உதவும் என்பது இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. இது புரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பேக் என்று போடுவதால்தான் பெரும்பாலான வீட்டு முயற்சிகள் வீணாகின்றன.

(நம் ஊர்த் தோலுக்கு இன்னொரு விஷயம். மெலனின் அதிகம் என்பதால் வெள்ளைத் தோலை விடச் சுருக்கம் தாமதமாகவே வரும். அதற்கு முன்பே கருமையும் திட்டும் வந்துவிடும். 'முகம் முத்திப்போச்சு' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை சுருக்கம் அல்ல, நிறம் சீராக இல்லாததுதான்.)

கிளினிக்கில் செய்வது என்ன? அசைவுக் கோடுகளுக்கு போடாக்ஸ் ஊசி. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நச்சை மிக மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்துகிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடைபட்டு, தசை ஓய்ந்துவிடும். கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கேருதர்ஸ், இமைத் துடிப்புக்குப் போட்ட ஊசி புருவ மத்திக் கோட்டையும் அழிப்பதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டர் கேருதர்ஸோடு சேர்ந்து 1992-ல் அதை ஆய்வாக வெளியிட்டார். 2002-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. புருவ மத்திக் கோட்டுக்கு இதை அனுமதித்தது. பலன் மூன்று, நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடியும் ஊசி.

நிலைத்த கோடுகளுக்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர், லேசர், கெமிக்கல் பீல். வீட்டில் பூசிக்கொள்ளும் மருந்தில் ரெட்டினாய்டுகள்தான் மூத்தவை. வைட்டமின் ஏ குடும்பம். பருவுக்குக் கொடுத்த ட்ரெட்டினோயின், வெயிலில் முதிர்ந்த தோலையும் சீராக்குகிறது என்று ஆல்பர்ட் கிளிக்மன் குழு 1986-ல் எழுதியது. வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எரியும், உரியும், சிவக்கும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. 'இயற்கையா ஏதாவது இல்லையா?' என்ற கேள்வி பெரும்பாலும் இந்த எரிச்சலிலிருந்துதான் பிறக்கிறது. நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த நல்ல பதில் பகுச்சியால்.

கார்போகரிசிச் செடி பயறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதா கலந்த நீலத்தில் சிறு பூக்கள் பூக்கும். வடமொழியில் பாகுசி, இந்தியில் பாப்சி. காய் உலர்ந்ததும் தோல் விதையோடேயே ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க முடியாது. அப்படியே கருப்பாக, தட்டையாக, சிறுநீரக வடிவில் இருக்கும். இரண்டு விரலுக்கிடையே வைத்து நசுக்கினால் பிசின் மாதிரி ஒட்டும், ஒரு காட்டமான மணம் எழும். நாக்கில் வைத்தால் கசப்பும் காரமும். அந்தப் பிசுபிசுப்புக்குள்தான் எல்லாம் இருக்கிறது. நல்லதும் கெட்டதும்.

புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 1966-ல் மேத்தா, நாயக், சுக் தேவ் ஆகியோர் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பாகுசி என்ற பெயரிலிருந்து அதற்கு 'பகுச்சியால்' என்று பேர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க அழகுசாதனக் கடைகளில் மின்னும் அந்தப் பெயர் பிறந்தது இந்திய அரசின் ஆய்வகத்தில். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய இந்தச் செய்தி நம் ஊர் விளம்பரங்களில் அநேகமாக வருவதே இல்லை.

அதன் பிறகு நாற்பது ஆண்டு அது வேதியியல் நூல்களிலேயே கிடந்தது. முகத்தில் பூசும் பொருளாகச் சந்தைக்கு வந்தது 2007-ல். 2014-ல் சவுத்ரி, போஜனோவ்ஸ்கி இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பகுச்சியாலின் மூலக்கூறு ரெட்டினாய்டு குடும்பத்து ரெட்டினாலைப் போல இருக்காது. ஆனாலும் தோல் செல்களில் ரெட்டினால் தூண்டும் மரபணுக்களில் பலவற்றை இதுவும் தூண்டுகிறது, கொலாஜன் உற்பத்திக்கானவை உட்பட. இதுதான் அவர்கள் சொன்னது. சவுத்ரி இந்தச் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்தது முக்கியமானது. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜி இதழில் வந்த ஆய்வு. 44 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு 0.5 சதவீத பகுச்சியால் க்ரீம், தினம் இரண்டு வேளை. இன்னொரு பாதிக்கு 0.5 சதவீத ரெட்டினால், தினம் ஒரு வேளை. யார் எதைப் பூசியவர் என்பது மதிப்பிட்ட மருத்துவருக்குத் தெரியாது. முடிவில் இரண்டு குழுவிலும் சுருக்கமும் கருந்திட்டும் குறைந்திருந்தன. இரண்டுக்கும் இடையே புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. ரெட்டினால் பூசியவர்களுக்குத் தோல் உரிவதும் சுருக்கென்று குத்துவதும் அதிகம் இருந்தன.

44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. 12 வாரம் என்பது குறுகிய காலம். இதை வைத்து 'ரெட்டினாலுக்கு நிகர்' என்று அடித்துச் சொல்வது அதிகம். 'ரெட்டினால் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு நம்பிக்கையான மாற்று' என்பதுதான் சரியான வாசகம். ரெட்டினாலைப் போல வெளிச்சத்தில் கெட்டுப்போகாது என்பதால் காலையிலும் பூசலாம். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று விற்பது மட்டும் ஏற்கத்தக்கதல்ல. கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்துச் சொன்ன வாக்கு அல்ல அது.

இனி பொட்டலத்துக்கு வருவோம்.

கார்போகரிசியில் பகுச்சியாலோடு சோராலென், ஐசோசோராலென் என்ற இரண்டும் இருக்கின்றன. சோராலென் தோலில் பட்டு, அதன் மேல் யுவிஏ கதிரும் பட்டால், அது செல்லின் டிஎன்ஏவோடு போய் ஒட்டிக்கொள்ளும். விளைவு, தீக்காயம் போன்ற புண்.

வெண்புள்ளிக்கு சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்ததற்குக் காரணமும் இதுதான். வெயிலோடு சேர்ந்து தோலின் நிறமிச் செல்களை இது உசுப்பிவிடும். கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் 1940-களில் வேறொரு செடியின் சோராலெனை வைத்து இதே வழியில் வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். சோராலென் கொடுத்து, அளந்த யுவிஏ ஒளி காட்டும் 'புவா' சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். மருத்துவமனையில் ஒளியின் அளவை நிமிடக் கணக்கில் ஏற்றுவார்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவார்கள், சிகிச்சை முடிந்த பிறகும் வெயிலில் போகக் கூடாது என்பார்கள். அத்தனை காபந்து தேவைப்படும் பொருள் இது.

அதைப் பொடித்து, தயிரில் குழைத்து, முகத்தில் இருபது நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, பதினோரு மணிக்கு ஸ்கூட்டியில் அசோக் பில்லர் சிக்னலில் நின்றால் என்ன ஆகும்?

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் இது ஏமாற்றுகிறது. மறுநாள் சிவப்பும் எரிச்சலும் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு நீர் கோத்த கொப்புளம் வரும். ஆறிய பிறகு அந்த இடம் கருத்து, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். யுவிஏ மேகத்தையும் ஊடுருவும், சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. இதில் பெரிய வேதனை என்னவென்றால், சோராலெனும் யுவிஏவும் திரும்பத் திரும்பச் சேரும்போது தோல் இன்னும் சீக்கிரம் முதிரும். நீண்ட காலம் புவா எடுத்த நோயாளிகளிடம் இது பதிவாகியிருக்கிறது. சுருக்கம் போக்கப் பூசியது சுருக்கத்தையே வரவழைக்கும்.

'ராத்திரி பூசினால்?' என்று கேட்கலாம். அதிலும் லாபம் இல்லை. பகுச்சியால் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. பன்னீரிலோ தயிரிலோ குழைத்தால் அது விதைத்தூளிலேயே தங்கிவிடும். தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துக் காய்ச்சினால் பகுச்சியால் இறங்கும், கூடவே சோராலெனும் இறங்கும். நல்ல நிறுவனங்கள் விற்கும் பகுச்சியால் இந்த சோராலென்களை நீக்கிச் சுத்தப்படுத்தியது. அந்த வேலையை வீட்டு அடுப்பில் செய்ய முடியாது. 'பாப்சி ஆயில்' என்று விற்கும் எண்ணெயும் பகுச்சியால் அல்ல.

அப்படியானால் நலங்கு மாவு? அதில் கார்போகரிசி பத்துப் பதினைந்து சரக்கில் ஒன்று. தேய்த்த கையோடு குளித்துக் கழுவிவிடுகிறோம். தோலில் தங்குவது மிகக் குறைவு. குளித்ததும் நெடுநேரம் வெயிலில் நிற்கும் வேலை இருப்பவர்களும் குழந்தைகளும் அதை விட்டுவிட்டு அரைத்துக்கொள்வது நல்லது. மற்றபடி நலங்கு மாவின் மேல் பழி இல்லை. உள்ளுக்குச் சாப்பிடுவது வேறு விஷயம். கார்போகரிசியை வாய்வழியே எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சித்த மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

(எலுமிச்சைக்கும் இதே குணம் கொஞ்சம் உண்டு. பழத்தோலில் உள்ள எண்ணெயில் சோராலென் இனப் பொருட்கள் இருக்கின்றன. கடலை மாவில் எலுமிச்சை பிழிந்து பூசிக்கொண்டு வெயிலில் போய்க் கருத்துப்போனவர்களுக்கு நடந்தது இதுதான்.)

அடுத்து நம்பிக்கை தருவது வல்லாரை. பூங்கா வாசல்களில் காலை நடைக்காரர்களுக்கு விற்கும் மூலிகைச் சாறுகளில் இதுவும் ஒன்று. ஞாபக சக்திக்கு என்று பிள்ளைகளுக்குத் துவையலாகக் கொடுப்போம். கொரியக் கம்பெனிகள் 'சிகா' என்று விற்கும் க்ரீம்களின் சரக்கும் இதே வல்லாரைதான். இதில் உள்ள ஆசியாட்டிகோசைட், மடிகாசோசைட் இரண்டும் காயம் ஆற உதவுபவை. 2008-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், 5 சதவீத வைட்டமின் சி-யும் 0.1 சதவீத மடிகாசோசைடும் கலந்த க்ரீமை 20 பெண்கள் ஆறு மாதம் பூசினார்கள். வெயிலில் முதிர்ந்த தோலின் மெல்லிய, ஆழமான சுருக்கங்கள் இரண்டுமே ஓரளவு தேறின. பலன் இரண்டும் சேர்ந்ததால் வந்தது. வல்லாரையின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. துவையல் உடம்புக்கு நல்லது. நெற்றிக் கோட்டுக்கு அது வழி அல்ல.

நெல்லிக்காயின் கதையும் அதே மாதிரி. கொலாஜன் இழை முறுக்கேற வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், அதனால் சாப்பிடுவது நல்லதே. ஆனால் தோல் வழியாக வைட்டமின் சி உள்ளே போக வேண்டுமானால் அது கடும் புளிப்பான, செறிவான கரைசலாக இருக்க வேண்டும். காற்றுப் படாமலும் வைக்க வேண்டும். நெல்லிச் சாற்றை முகத்தில் பூசினால் அரிப்புத்தான் மிஞ்சும்.

சோற்றுக்கற்றாழைக்கு 2009-ல் கொரியாவில் ஒரு ஆய்வு வெளியானது. 45 வயதைத் தாண்டிய 30 பெண்கள், 90 நாள், கற்றாழைப் பொடியை உள்ளுக்குச் சாப்பிட்டார்கள். சுருக்கம் கொஞ்சம் குறைந்ததாக முடிவு. ஆனால் வெறும் மாத்திரை சாப்பிட்ட ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. ஆதாரம் பலவீனம். மேலுக்குப் பூசினால் குளிர்ச்சியும் ஈரமும் தரும், அது போதும். மடலை வெட்டியதும் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடித்துவிட வேண்டும். அதில் உள்ள அலோயின் தோலுக்கும் ஆகாது, வயிற்றையும் கழுவிவிடும்.

'நேச்சுரல் போடாக்ஸ்' என்று ரீல்ஸில் சுற்றும் ஆளிவிதை ஜெல்லைப் பற்றி நிறையப் பேருக்கு நம்பிக்கை இருக்கிறது. விதையைக் கொதிக்கவைத்தால் வரும் கொழகொழப்பு ஒரு சர்க்கரைக் கோவை. முகத்தில் காயும்போது மெல்லிய படலமாக இறுகும். கஞ்சி போட்ட பருத்திப் புடவை விறைப்பாக நிற்பது மாதிரி தோலும் இழுத்துப் பிடித்தபடி இருக்கும். முகம் கழுவியதும் போய்விடும். அரிசி மாவு, கடலை மாவு பேக்குகளும் அப்படியே. விசேஷத்துக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளத் தடையில்லை. தசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தசையைத் தொடுவதாகச் சொல்லப்படும் செடி பல்வலிப் பூண்டு. மஞ்சள் மொட்டைக் கடித்தால் நாக்கு சுர்ரென்று மரத்துப்போகும். அந்த மரப்பைத் தருவது ஸ்பிலாந்தால். இதை வைத்து வெளிநாட்டில் 'தாவர போடாக்ஸ்' க்ரீம்கள் வந்திருக்கின்றன. ஆதாரம் பெரும்பாலும் மூலப்பொருள் தயாரிப்பவர்களின் சொந்தச் சோதனைகள். நாக்கை மரக்கச் செய்வது வேறு, தோலையும் கொழுப்பையும் தாண்டி நெற்றித் தசையை ஓயவைப்பது வேறு. ஊசி செய்யும் வேலையைச் செய்யும் செடி இன்றுவரை இல்லை.

எண்ணெய்களுக்கு அவற்றுக்குரிய மரியாதை உண்டு. பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் 34 பேரின் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவு பலன் தந்தன. வறட்சியால் வந்த வரிகள் இதில் மறையும். முகப்பரு உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் தவிர்க்கலாம்.

இத்தனைக்கும் மேலே நிற்பது வெயில். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், தோன்றியபோது பூசியவர்களை விட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. 2013-ல் வெளியான இந்த முடிவுக்கு நிகரான ஆதாரம் எந்த மூலிகைக்கும் கிடையாது. சென்னையில் ஏப்ரல், மே நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 'மிகத் தீவிரம்' என்று வகுத்த அளவு அது. குடையும், துப்பட்டாவும், சன்ஸ்கிரீனும் இல்லாமல் எந்த விதையைப் பூசியும் பயன் இல்லை.

கடைசியாக, கலப்படம். 'ஹெர்பல்' என்று எழுதியிருப்பதாலேயே ஒரு க்ரீம் மூலிகை ஆகிவிடாது. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் 2023-ல் கண்டுபிடித்தார்கள். காரணம், பாதரசம். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று மாறினால் அது செடியின் வேலையாக இருக்காது. பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம்.

பகுச்சியால் வாங்குவதானால் லேபிளில் சதவீதம் போட்டிருக்கிறதா, தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 0.5 சதவீதம் போதும். முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள், அரிதாக ஒவ்வாமை வருகிறது. மூன்று மாதம் பொறுங்கள். நாட்டுமருந்துதான் வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர்களிடம் முகத்தைக் காட்டிக் கேளுங்கள். கார்போகரிசிப் பொடியை மட்டும் நீங்களாக முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள்.